இளஞ்சிவப்பும் இல்லத்து வைபவங்களும்

பிறந்தநாள், பூப்புனித நீராட்டு விழா, திருமணம், வலீமா விருந்து, பாலர் பாடசாலைக் கலைவிழா என எந்த வைபவமாயினும் வாசலிலும் மேடையிலும் பலூன் வளைவு அமைப்பது இன்று வழமையாகிவிட்டது. ஒரு காலத்தில் நகர மண்டபங்களுக்கு மட்டுமே உரியதாயிருந்த இவ்வழக்கம், மூதூர் பிரதேசத்தின் கிளிவெட்டி போன்ற வயல்சூழ் கிராமங்களையும் எட்டியிருக்கின்றது. அந்த வளைவுகளில் பெரும்பாலும் இடம்பிடிப்பது, பேச்சுவழக்கில் நாம் றோஸ் என்று சொல்லும் இளஞ்சிவப்பு நிறமாகும். பலூனின் நிறத்தைப் பற்றி ஆசிரியர் பக்கத்தில் எழுத என்ன இருக்கின்றது எனச் சிலர் கேட்கக்கூடும். ஒரு குடும்பத்தின் பணமும், ஒரு பிள்ளையின் மகிழ்ச்சியும், ஓரளவுக்கு எமது சுற்றாடலும் இத்தெரிவில் தங்கியிருப்பதனாலேயே இதனை எழுத முற்பட்டோம்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைதல் வேண்டும். இளஞ்சிவப்பு பெண் பிள்ளைகளுக்கே உரியது என்பது இயற்கை வகுத்த விதியன்று. 1918ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குழந்தை ஆடை வணிகச் சஞ்சிகையொன்று இளஞ்சிவப்பை ஆண் பிள்ளைகளுக்கும் நீலத்தைப் பெண் பிள்ளைகளுக்குமே பரிந்துரைத்திருந்தது. அந்த வழக்கம் பின்னர் வணிகத்தின் போக்கோடு தலைகீழாக மாறியது. ஆகவே, பெண் பிள்ளையின் வைபவம் என்பதற்காக இந்நிறத்தைத்தான் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் எவருக்கும் இல்லை. விருப்பம் இருந்தால் மாத்திரம் தெரிவு செய்தால் போதுமானது.

விரும்பித் தெரிவு செய்வோர் அறிய வேண்டியது, இளஞ்சிவப்பு என்பது ஒரு நிறமன்று, ஒரு குடும்பம் என்பதாகும். அதில் மூன்று கிளைகளைக் காணலாம். வாடாமல்லிப் பூவைப் போன்று நீலம் கலந்து நிற்பவை முதலாவது கிளை. பவளத்தைப் போன்று மஞ்சள் கலந்து நிற்பவை இரண்டாவது கிளை. வாடிய ரோஜா இதழைப் போன்று சாம்பல் படிந்து தோன்றுபவை மூன்றாவது கிளை. அலங்காரம் கண்ணை உறுத்துவதற்குப் பெரும்பாலும் காரணமாவது இக்கிளைகளை ஒன்றோடொன்று கலந்து கட்டுவதேயாகும். ஒரே கிளையில் வெளிர், நடுத்தரம், அடர் என மூன்று படிகளை எடுத்து, வெளிரானதை மிகுதியாகவும் அடரானதை மிகக் குறைவாகவும் பயன்படுத்தினால் செலவில்லாமலே ஒழுங்கு வந்துவிடும்.

அடுத்ததாகக் கவனிக்க வேண்டியது வெளிச்சம். வெண்ணிற எல்.ஈ.டி. மின்குமிழின் கீழ் இளஞ்சிவப்பு நீலச் சாயலைப் பெறும். மஞ்சள் ஒளியின் கீழ் அதே பலூன் பவளத்தை நோக்கிச் சாயும். பகலில் கடையில் பார்த்து வாங்கிய நிறம் இரவில் மண்டபத்தில் வேறொன்றாகத் தெரிவது இதனாலாகும். எனவே, ஒரேயொரு பலூனை வாங்கி, ஊதி, வைபவம் நடைபெறவுள்ள இடத்தில், நடைபெறவுள்ள நேரத்தில் தொங்கவிட்டுப் பார்த்த பின்னரே எஞ்சியவற்றை வாங்குவது புத்திசாலித்தனம். கையடக்கத் தொலைபேசியின் திரையில் பார்த்த படத்தை நம்பி நிறத்தை முடிவு செய்தல் தகாது.

பின்னணியும் நிறத்தை மாற்றும். பிரான்ஸ் நாட்டின் கொபெலின் நெசவுச்சாலையில் சாயங்களுக்குப் பொறுப்பாயிருந்த இரசாயனவியலாளர் செவ்ரல், அருகருகே வைக்கப்படும் இரு நிறங்கள் ஒன்றின் தோற்றத்தை மற்றொன்று மாற்றும் என்பதை 1839ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விளக்கியிருந்தார். சிவப்பும் பச்சையும் அவ்வாறு ஒன்றையொன்று தூக்கிக் காட்டுபவை. பயிர் பச்சையாய் நிற்கும் காலத்தில் வயலோரத்து முற்றத்தில் கட்டப்படும் வெளிர் இளஞ்சிவப்புக்கூட நன்கு எடுத்துத் தெரியும். அறுவடை முடிந்து வைக்கோல் நிறம் படர்ந்த காலத்திலோ பவளச் சாயலே பொருந்தி நிற்கும். குளத்துத் தாமரை அதன் பச்சை இலைகளுக்கு நடுவே எப்படித் துலங்குகின்றது என்பதைத் தினமும் காணும் எம்மவர்க்கு இப்பாடம் புதிதன்று.

பலூனின் தன்மையையும் அறிதல் நன்று. 1824ஆம் ஆண்டில் இலண்டனில் மைக்கல் பரடே வாயு ஆய்வுகளுக்காக உருவாக்கியதே முதலாவது இறப்பர் பலூன் எனக் கருதப்படுகின்றது. இறப்பர் விரிய விரிய அதன் நிறம் வெளிறும். பலூனை முழு அளவுக்கு ஊதாமல் சற்றுக் குறைவாக ஊதினால் நிறம் அடர்ந்து நிற்கும். வெப்பத்தில் காற்று விரியும்போது வெடிப்பதும் குறையும். தகரப் பந்தல்களின் கீழ் வைபவம் நடத்துவோருக்கு இது மிகவும் உதவும். வெயில் படும் இடத்தில் பலூனின் பளபளப்பு மங்கிப் புகை படிந்தது போலாகிவிடும் என்பதால், வளைவை முதல்நாளே வெளியில் கட்டி வைத்தலும் ஆகாது. விரும்பிய வெளிர் நிறம் கடையில் இல்லையெனில், அடர் நிறப் பலூனை வெள்ளைப் பலூனுக்குள் நுழைத்து இரண்டையும் சேர்த்து ஊதினால் அந்த நிறம் கிடைத்துவிடும்.

இவையனைத்துக்கும் மேலாக ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கின்றது. மிக வெளிர்ந்த பின்னணிக்கு முன்னால் ஒருவரைப் படம் பிடிக்கும்போது கமரா வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். முகம் இருண்டு விழும். உடனே, "பிள்ளை கறுப்பு, அதனால்தான் படம் எடுபடவில்லை" என்ற பேச்சு எழுகின்றது. பிள்ளையின் முகத்தில் மா பூசும் படலமும் ஆரம்பமாகின்றது. பிழை பிள்ளையின் நிறத்தில் இல்லை, பின்னணியைத் தெரிவு செய்தவரிடத்திலேயே இருக்கின்றது. பிள்ளை அமரும் இடத்துக்குப் பின்னால் வாடாமல்லி அல்லது அடர் பவளச் சாயலையும், வாசலில் வெளிர் சாயலையும் வைத்தால் கரிய நிறம் கொண்ட முகமும் ஒளிர்ந்து தோன்றும். அலங்காரம் பிள்ளைக்குப் பொருந்த வேண்டுமேயன்றி, பிள்ளை அலங்காரத்துக்குப் பொருந்த வேண்டியதில்லை. தனது கொண்டாட்ட நாளிலேயே நிறத்தின் பெயரால் ஒரு பிள்ளை கூனிக்குறுகுவதைவிடக் கொடியது வேறொன்றில்லை.

செலவு தொடர்பாகவும் சிலவற்றைக் கூறியாக வேண்டும். 2006ஆம் ஆண்டின் யுத்தத்தில் சம்பூர் மக்கள் இடம்பெயர்ந்து, பின்னர் கிளிவெட்டி இடைத்தங்கல் முகாமில் வருடக்கணக்கில் தங்கியிருந்தனர். அதே ஆண்டின் ஓகஸ்ட் மாதத்தில் மூதூர் முஸ்லிம் மக்கள் கந்தளாய்க்கு இடம்பெயர்ந்தனர். சம்பூர்க் காணிகள் 2015ஆம் ஆண்டிலிருந்து கட்டங்கட்டமாகவே விடுவிக்கப்பட்டன. தமது இளமையில் கொண்டாட்டம் எதையும் காணாத ஒரு தலைமுறை, தனது பிள்ளைகளுக்கு அதனைக் குறைவின்றிச் செய்து பார்க்க விரும்புவதை நாம் நன்கு புரிந்துகொள்கின்றோம். அதனைப் பரிகசிப்பது எமது நோக்கமன்று. ஆயினும், அயல்வீட்டாரின் வளைவைவிடப் பெரிய வளைவு வேண்டும் என்ற போட்டி, ஏழைக் குடும்பங்களைக் கடனுக்குள் தள்ளிவிடக் கூடாது. நுண்கடன் சுமையால் கிராமியப் பெண்கள் பட்ட துன்பம் எத்தகையதென்றால், வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட அவர்களது கடன்களுக்கு 2018ஆம் ஆண்டில் அரசாங்கமே நிவாரணம் அறிவிக்க நேர்ந்தது. ஒருநாள் வாழும் பலூனுக்காக வருடம் முழுவதும் தவணை செலுத்துவது எவ்வகையிலும் ஏற்கத்தக்கதன்று. வீண்விரயத்தை இஸ்லாம் கண்டிக்கின்றது. விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பது தமிழர் முதுமொழி. இவ்விடயத்தில் இரு சமூகங்களின் பெரியோரும் ஒரே குரலில் பேச முடியும்.

கொண்டாட்டம் முடிந்த பின்னர் எஞ்சுவதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அரசியல், சமூக, சமய, கலாசார வைபவங்களில் பொலித்தீன் அலங்காரங்கள் 2017ஆம் ஆண்டு தடை செய்யப்பட்டன. 2021ஆம் ஆண்டில் காற்று நிரப்பும் பிளாஸ்டிக் விளையாட்டுப் பொருட்கள் தடைசெய்யப்பட்டபோது பலூன்களுக்கு விலக்களிக்கப்பட்டது. சட்டம் விட்டுவைத்த இடத்தை எமது பொறுப்புணர்வே நிரப்ப வேண்டியிருக்கின்றது. உலோகப் பூச்சுக் கொண்ட மினுங்கும் பலூன்கள் மண்ணில் மக்குவதில்லை. இறப்பர் பலூன் விரைவில் மக்கிவிடும் என்பதும் முழு உண்மையன்று. அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2021ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றில், 16 வாரங்கள் கழிந்த பின்னரும் அவை குறிப்பிடத்தக்க அளவில் சிதையவில்லை எனக் கண்டறியப்பட்டது. வீதியோரத்தில் வீசப்படும் துண்டுகள் மாடுகளின் வயிற்றுக்குள் செல்லக்கூடும். வாய்க்கால் வழியே கொட்டியாரக்குடாவை அடைந்தால் ஆமைகளுக்கும் கடற்பறவைகளுக்கும் கேடாகும். சிறு குழந்தைகள் அவற்றை வாயிலிட்டால் மூச்சடைத்து உயிராபத்தே நேரலாம். எனவே, பலூன்களை வானில் பறக்கவிடும் வழக்கத்தைத் தவிர்ப்பதோடு, கட்டியவர்களே அவற்றைக் கழற்றி, துண்டுகளைப் பொறுக்கிச் செல்லும் பொறுப்பையும் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும்.

வளைவு சிறியதாக இருக்கலாம். அதில் மூன்று சாயல்கள் மட்டுமே இருக்கலாம். அவை சரியான வெளிச்சத்தில் பார்த்துத் தெரிந்தெடுக்கப்பட்டவையாகவும், பிள்ளையின் முகத்தை ஒளிரச் செய்பவையாகவும், கடனின்றி வாங்கப்பட்டவையாகவும் இருக்குமாயின், அந்த வீட்டு வைபவத்துக்கு அதைவிடப் பெரிய அலங்காரம் தேவையில்லை என்பதே எமது கருத்தாகும்.