‘பரிசோதனை’ என்னும் சொல்லும் நோயாளியின் ஒப்புதலும்: திருவனந்தபுரம் மருந்தாய்வை முன்வைத்து

முன்னுரை

புற்றுநோய் என்ற ஐயம் எழுந்தால் குமரி மாவட்டத்தார் பலர் இன்றும் திருவனந்தபுரத்துக்கே செல்கின்றனர். 1956 நவம்பர் 1இல் மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த பின்னும் இவ்வழக்கம் நீடித்தது. 1981இல் அங்கு நிறுவப்பட்ட மண்டலப் புற்றுநோய் மையம் அதனை மேலும் வலுப்படுத்தியது. அம்மையத்தில் 1999–2000இல் நடைபெற்ற மருந்தாய்வு ஒன்று மருத்துவ நோக்கிலும் சட்ட நோக்கிலும் பலரால் பேசப்பட்டுள்ளது. இக்கட்டுரை அந்நிகழ்வை நோயாளியின் செவியில் விழும் சொல்லின் வழியே அணுகுகிறது.

நிகழ்ந்தது

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக உயிரியல் பேராசிரியர் ரு சி ஹுவாங், பாலைநிலப் புதர் ஒன்றில் காணப்படும் வேதிப்பொருளை மாற்றியமைத்து எம்4என் என்னும் மருந்துப் பொருளை உருவாக்கினார். திருவனந்தபுர மையத்தில் வாய்ப்புற்றுநோய் கொண்ட 26 பேருக்கு, அறுவைக்கு முன் அது கட்டியிலேயே ஊசிவழிச் செலுத்தப்பட்டது. இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அலுவலரின் முன் அனுமதி பெறப்படவில்லை. மையத்தின் மருத்துவர் வி. என். பட்டதிரி எழுப்பிய புகாரால் 2001இல் செய்தி வெளிவந்தது. தாம் பெறுவது இன்னும் ஆய்வுநிலையிலுள்ள மருந்து என்பதை நோயாளிகள் அறிந்திருக்கவில்லை என்பதே குற்றச்சாட்டின் மையம். ஒப்புதல் பெறப்பட்டது என்பது மையத்தின் விடை. ஹாப்கின்ஸ் நடத்திய விசாரணை, அப்பல்கலைக்கழக அறநெறிக் குழுவின் இசைவு பெறப்படவில்லை என்றும், விலங்குகளில் செய்யப்பட்ட பாதுகாப்பு ஆய்வு போதாது என்றும் கண்டது. நோயாளிகளுக்குத் தீங்கு நேர்ந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை என்றும் அது கூறியது. மனிதரை உட்படுத்தும் ஆய்வுகளுக்குத் தலைமை ஏற்பதினின்று ஹுவாங் விலக்கப்பட்டார்.

தீங்கு நேரவில்லை என்ற முடிவு சிலருக்கு ஆறுதல் தந்தது. ஆனால் அறியாமல் ஆய்வுப்பொருளாவது தன்னளவிலேயே இழப்புத்தான். கட்டியின் அளவைக் கொண்டு அதனைக் கணக்கிட இயலாது.

சொல்லின் இரட்டைப் பொருள்

இரு தரப்பும் ஒருங்கே உண்மை பேசியிருக்க இயலுமா? கையெழுத்து இருந்து, அறிதல் இல்லாதிருக்க இயலுமா? இயலும் என்பதைத் தமிழ்ச் சொல்வழக்கே காட்டுகிறது. ‘இரத்தப் பரிசோதனை’, ‘கண் பரிசோதனை’ என்னும்போது பரிசோதனை என்பது நோயாளியின் நலனுக்காக நோயைக் கண்டறியும் செயல். ‘மருந்துப் பரிசோதனை’ என்னும்போதோ அறியப்படவேண்டியது மருந்து. நோயாளி அதற்குக் கருவி. ஒரே சொல் இரண்டையும் சுமக்கிறது. முன்னதை நூறுமுறை கேட்டுப் பழகியவர் பின்னதையும் அவ்வாறே கொள்வார். மாற்றாகச் ‘சோதனை’ என்றாலும் இடர் தீர்வதில்லை. கிறித்தவர் மிகுந்த இம்மாவட்டத்தில் அச்சொல் ஆலயத்தில் வேறு பொருள் பெறும். நோயே ஒரு சோதனை என்பவர் முன் அச்சொல்லை வைப்பது குழப்பத்தைக் கூட்டும்.

மலையாளத்தில் நிலை வேறு. அங்குப் ‘பரிசோதன’ என்பது நோயறியும் செயலுக்கு உரியது. ஆய்வுநிலை மருந்தைக் கொடுத்துப் பார்ப்பது ‘பரீக்ஷணம்’. களியக்காவிளையை ஒட்டி வாழும் இருமொழியாளர் இவ்வேறுபாட்டைச் செவியிலேயே உணர்வர். தோவாளை, அகத்தீசுவரம் வட்டங்களின் நாஞ்சில் நாட்டுத் தமிழர்க்கு அவ்வாய்ப்புக் குறைவு. தமிழிலும் ‘பரீட்சார்த்தம்’ என்ற வடிவம் உண்டெனினும் அது அலுவலக நடையோடு நின்றுவிட்டது.

இதனைத் தமிழின் குறை என்று கொள்ளுதல் பொருந்தாது. அதே 2001இல் ஹாப்கின்ஸில், ஆஸ்துமா தொடர்பான ஆய்வுக்குத் தன்னார்வமாக முன்வந்த 24 வயது ஆய்வகப் பணியாளர் ஒருவர், ஹெக்ஸாமெத்தோனியம் என்ற பொருளை நுகர்ந்தபின் உயிரிழந்தார். அவர் ஒப்பமிட்ட படிவம் அப்பொருளை ‘மருந்து’ என்றே குறித்திருந்தது. மூச்சுவழிப் பயன்பாட்டுக்கு அது ஏற்பளிக்கப்படாதது என்பது அதில் இல்லை. ஆய்வகத்தில் பணிபுரிந்த, ஆங்கிலம் அறிந்த ஒருவரையே ஒரு சொல் மறைக்க இயலுமெனின், வலியோடு வரிசையில் நிற்பவர் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை.

விதிகளும் மறுமொழிபெயர்ப்பும்

2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகள், பங்கேற்பவர் புரிந்துகொள்ளும் மொழியில் விளக்கம் தரப்படவேண்டும் என்கின்றன. எழுதப் படிக்க அறியாதவர்க்குச் சார்பற்ற சாட்சி வேண்டும். நலிந்த நிலையினர் புதிய வேதிப்பொருள் ஆய்வுகளில் பங்கேற்கும்போது ஒலி-ஒளிப் பதிவும் கட்டாயம். இவை தேவையானவையே. எனினும் ‘புரிந்துகொள்ளும் மொழி’ என்பது நடைமுறையில் ஆங்கிலப் படிவத்தின் தமிழாக்கமாகச் சுருங்குகிறது. அதன் செம்மையை அறிய, தமிழ்ப் படிவத்தை மீண்டும் ஆங்கிலமாக்கி மூலத்தோடு ஒப்பிடுவர். இங்குதான் இடைவெளி உள்ளது. மறுமொழிபெயர்ப்பாளர் அது மருந்தாய்வுப் படிவம் என்பதை அறிந்தே பணியில் அமர்கிறார். ஆகவே ‘பரிசோதனை’யை உரிய ஆங்கிலச் சொல்லாகவே திருப்பித் தருவார். ஒப்பீட்டில் பிழை தோன்றாது. நோயாளியிடம் அது பிழையாகவே சென்று சேரும்.

தமிழ் இலக்கண மரபு இதற்கு ஓரளவு வழிதருகிறது. ‘மருந்து கொடுக்கிறோம்’ என்பதற்கும் ‘மருந்து கொடுத்துப் பார்க்கிறோம்’ என்பதற்குமுள்ள வேறுபாட்டை எழுத்தறியாதவரும் உணர்வர். ‘பார்’ என்னும் துணைவினை முயற்சிப் பொருளைத் தருகிறது. ஆயினும் வழக்கமான சிகிச்சையிலும் ‘இந்த மாத்திரையைச் சாப்பிட்டுப் பாருங்கள்’ என்று மருத்துவர் சொல்வதுண்டு. ஆதலின் துணைவினை மட்டும் போதாது, ‘இது பலன் தருமா என்பது எங்களுக்கே தெரியாது, அதைத் தெரிந்துகொள்ளவே கொடுத்துப் பார்க்கிறோம், நீங்கள் மறுத்தாலும் வழக்கமான சிகிச்சை நிற்காது’ என்னும் அளவுக்குத் தொடர் விரியவேண்டும்.

அறநெறிக் குழுவில் மருத்துவம் சாராத பொதுமக்கள் ஒருவரும் இடம்பெற வேண்டும் என்பது விதி. பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் இப்பொறுப்புக்கு முன்வரலாம். அவ்வாறு வருவோர் படிவத்தின் சொற்றூய்மையைத் திருத்துவதோடு நில்லாமல், அதனைத் துறைக்கு வெளியே உள்ள ஒருவர்க்கு வாசித்துக்காட்டி, ‘உங்களுக்கு என்ன செய்யப் போகிறார்கள்?’ என்று கேட்டு, அவர் சொல்லும் விடையைக் குழுவின் முன் வைத்தல் வேண்டும்.