துணையிழந்த வாத்துக்குப் புதுத் துணை

அடம்பனில் ஒரு வீட்டு முற்றம். ஆண் வாத்தை நரி கொண்டுபோய் ஆறு நாட்களாகியிருந்தன. “தீனைத் தொடுகுதில்லை சுவாமி. வாய்க்கால் கரையிலை நிண்டு கத்திக்கொண்டே இருக்குது. சந்தையிலை இன்னொண்டை வாங்கி விட்டாச் சரிதானே?” என்று கேட்டார் அந்த அம்மா. 2009இல் கணவரை இழந்தவர்.

அன்னம் எமது கட்டுக்கரைக்குளத்தில் இல்லை. அதைக் குத்துவிளக்கின் உச்சியில்தான் கண்டிருக்கிறோம். எனினும் அன்னம், வாத்து, தாரா யாவும் ஒரே குடும்பப் பறவைகள். அன்னம் வளர்ப்போர் கண்டறிந்தவை எமது முற்றத்துக்கும் உதவும்.

வாத்துகளுடன் பல்லாண்டு வாழ்ந்து ஆராய்ந்தவர் கொன்ராட் லோரென்ஸ்; 1973இல் நோபல் பரிசு பெற்றவர். துணையிழந்த வாத்து தேடித்தேடிக் கத்தும், துணிவை இழக்கும், தன்னிலும் எளிய குஞ்சுக்குக்கூட அஞ்சி ஒதுங்கும் என்று அவர் அவதானித்தார். ஜேர்மனியின் மூன்ஸ்டர் நகர ஏரியில் 2006இல் ஒரு கறுப்பு அன்னம், அன்ன வடிவில் செய்த மிதிபடகையே துணையாகக் கொண்டது. குளிர்காலத்தில் மிருகக்காட்சிச்சாலையார் படகையும் சேர்த்தே கொண்டுபோக வேண்டியதாயிற்று!

சாகும்வரை தனித்தே இருக்கும் என்பதோ வெறுங்கதை. பல மறுபடியும் சோடி சேர்கின்றன. சிலவற்றுக்கு வாரங்கள் போதும், சிலவற்றுக்கு ஆண்டுகள் வேண்டும். ஆனால் சந்தையில் வாங்கி நேரே உள்ளே விடுவது ஆபத்து. இருக்கும் பறவை முற்றத்தைத் தன்னுடையதென்றே எண்ணும். சிறகால் அடிக்கும், தொட்டித் தண்ணீரில் என்றால் தலையை அமிழ்த்திக் கொன்றும் விடலாம்.

முதலில் ஆணா பெண்ணா என்று தெரிந்தவரைக் கொண்டு பார்க்க வேண்டும். வெளித்தோற்றம் ஏமாற்றும், இரு பெண்களும் சோடி சேரும், முட்டைதான் பொரிக்காது. நோய் தொற்றாதிருக்க இரண்டு மூன்று வாரங்கள் தூரத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பின்னர் நடுவே கம்பிவலை. இருபுறமும் வேலியோரமாகவே தீனும் தண்ணீரும். அடைகாக்கும் காலத்தில் இவை எதுவும் வேண்டாம். கழுத்தை நீட்டிச் சீறுவது குறைந்து, இரண்டும் வலையோரம் அருகருகே படுக்கத் தொடங்கினால், ஒரு காலைப்பொழுதில், ஆள் நிற்கும்போது, இரண்டுக்கும் புதிதான திறந்த இடத்தில் விடலாம். ஒத்துவராவிட்டால் திருப்பிக் கொடுக்க விற்பவரிடம் முன்னரே பேசிக்கொள்வது நல்லது.

எல்லாவற்றையும் கேட்ட அம்மா சிரித்தார். “வாத்துக்கு இவ்வளவு பாக்கிறியள். எங்கடை பெட்டையள் எத்தினை பேர் தனிச்சுப்போய் இருக்கினம், அதுகளுக்கு ஆர் சுவாமி பாக்கினம்?”

எம்மிடம் பதில் இருக்கவில்லை. வலைக்கு அளவெடுத்துக்கொண்டு வந்தோம்.

அடுத்த மாதம் போனபோது வலை இன்னமும் நின்றது. புதியது வந்த அன்று பழையது நாள் முழுக்கச் சீறியதாம். இப்போது இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக, ஒரே நிழலில் படுத்திருந்தன. “அவசரப்படுத்தேல்லை” என்றார் அம்மா. தீன் சட்டி வெறுமையாய்க் கிடந்தது.