இரைப்பைப் புண்ணும் இரத்தக் கசிவும்

துத்தநாகத் துண்டு ஒன்றை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இட்டால் அது நுரைத்துக் கரைவதைப் பள்ளி ஆய்வுக்கூடத்தில் நம்மில் பலர் கண்டிருக்கிறோம். அதே அமிலந்தான் நம் இரைப்பையிலும் ஊறுகிறது. அதனோடு பெப்சின் என்னும் செரிமானப் பொருளும் சேர்ந்து, நாம் உண்ணும் பருப்பையும் மீனையும் இறைச்சியையும் கரைத்துவிடுகிறது. அவ்வாறாயின், அந்தச் சாறு இரைப்பையையே ஏன் கரைத்துவிடுவதில்லை? வகுப்பிலே மாணவர் எவரேனும் இவ்வினாவை எழுப்பினால் ஆசிரியருக்கு மகிழ்ச்சியே உண்டாகும். ஏனெனில் இதற்குரிய விடையிலேயே நோயின் வரலாறும் அடங்கியிருக்கிறது.

இரைப்பையின் உட்சுவர், வழவழப்பான சளிப்படலம் ஒன்றைத் தன்மேல் பூசிக்கொண்டிருக்கிறது. அப்படலத்தினுள் அமிலத்தை முறிக்கும் காரப்பொருளும் சுரந்துகொண்டே இருக்கும். மேற்பரப்பின் உயிரணுக்கள் தேயத் தேயச் சில நாள்களுக்குள் புதியன முளைத்துவிடும். இக்காவல் தளர்ந்த இடத்தில் அமிலம் சுவரை அரிக்கிறது. அரிப்பு ஆழமானால் அதுவே புண். இது இரைப்பையிலும் தோன்றலாம். இரைப்பையை அடுத்துள்ள முன்சிறுகுடலிலும் தோன்றலாம்.

இந்நோய்க்குக் கவலையும் காரமுமே காரணம் என்று நெடுங்காலம் நம்பினர். பாலும் கஞ்சியுமே உணவாயின. பால் சிறிது நேரம் எரிச்சலைத் தணிக்கும் என்பது மெய்தான்; ஆனால் பின்னர் அதுவே அமிலத்தை மிகுதியாகச் சுரக்கச் செய்யும். பாவம், நம் மிளகாய் சுமந்த பழி கொஞ்சமன்று! அது எரிச்சலைக் கூட்டலாம். புண்ணை உண்டாக்குவது அதுவன்று.

தென்னாட்டில் முன்சிறுகுடற் புண் ஒரு காலத்தில் மிகுதியாகக் காணப்பட்டது. அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்து, இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள நெய்யூர் மருத்துவமனையில் ஹோவர்ட் சோமர்வெல் என்னும் ஆங்கிலேய அறுவை மருத்துவர் இந்நோயாளிகள் பலருக்கு அறுவை செய்து புகழ்பெற்றார். 1922, 1924 ஆகிய ஆண்டுகளில் எவரெஸ்ட் சிகரம் ஏறச் சென்ற குழுக்களில் இடம்பெற்றவரும் இவரே. அந்நாளில் கத்தியை விட்டால் நிலையான வழி அரிது. 1976 இல் அமிலச் சுரப்பைக் குறைக்கும் சிமெடிடின் மருந்து பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. புண்கள் ஆறின, ஆயினும் மருந்தை நிறுத்தியதும் பலருக்குத் திரும்பி வந்தன.

திரும்பி வருவானேன்? இதற்கு விடை ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் கிடைத்தது. 1979 இல் ராபின் வாரன், இரைப்பைச் சுவரிலிருந்து எடுத்த துணுக்குகளில் சுருள் வடிவான நுண்ணுயிர்களைக் கண்டார். பாரி மார்ஷல் என்னும் இளம் மருத்துவர் அவருடன் சேர்ந்தார். அவற்றை வளர்க்க முயன்ற தட்டுகள் இரண்டு நாளில் எதுவும் முளைக்கவில்லையென்று எறியப்பட்டு வந்தன. 1982 ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையில் சில தட்டுகள் கூடுதல் நாள்கள் கிடந்தன, நுண்ணுயிர் வளர்ந்திருந்தது! உலகம் நம்ப மறுக்கவே, 1984 இல் மார்ஷல் அந்நுண்ணுயிரைத் தாமே குடித்தார். சில நாள்களில் வாந்தி கண்டது, இரைப்பையும் அழன்றிருந்தது. அவருக்கு வந்தது அழற்சியே, புண்ணன்று என்பதைச் சொல்லிவிட வேண்டும். கதையாகச் சொல்வோர் இதை மறந்துவிடுகின்றனர். இருவருக்கும் 2005 இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

ஹெலிக்கோபேக்டர் பைலோரி என்னும் இவ்வுயிர் அமிலத்தில் எவ்வாறு பிழைக்கிறது? அது யூரியாவைச் சிதைத்து அம்மோனியாவை உண்டாக்கித் தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தை முறித்துக்கொள்கிறது. இந்தத் தந்திரமே அதைக் காட்டிக்கொடுக்கிறது. அடையாளமிட்ட கரி அணுவைக் கொண்ட யூரியாவை நோயாளிக்குப் பருகக் கொடுத்து, அவர் வெளிவிடும் மூச்சில் அக்கரி வருகிறதா என்று சோதிப்பர். மலச் சோதனையும் உண்டு.

இரண்டாவது காரணம் நம் வீட்டு அலமாரியிலேயே இருக்கிறது. ஆஸ்பிரின், ஐபுபுரோபென், டைக்ளோபினாக் போன்ற வலி மாத்திரைகளைச் சொல்கிறேன். புராஸ்டாகிளாண்டின் என்னும் பொருளின் உற்பத்தியை அவை தடுப்பதை ஜான் வேன் 1971 இல் விளக்கினார். வலியை மிகுவிக்கும் அப்பொருளே இரைப்பையின் காவலையும் பேணுகிறது. ஆகவே வலி போகும்போது காவலும் போகிறது. உணவுக்குப்பின் உண்டாலும், ஊசியாகப் போட்டுக்கொண்டாலும் இத்தீங்கு முற்றிலும் நீங்காது. முழங்கால் வலிக்கென்று மருந்துக் கடையில் தாமே கேட்டு வாங்கி, மாதக்கணக்கில் விழுங்கும் என் வயதினர் இதைக் கருத வேண்டும். அவர்களுக்கு மேல்வயிற்று வலியே தோன்றாமல், முதல் அறிகுறியாக இரத்தப்போக்கே வந்துவிடக்கூடும். இதயத்துக்காக ஆஸ்பிரின் உண்பவர்களோ அதைத் தாமாக நிறுத்தலாகாது; மருத்துவரைக் கேட்டே முடிவு செய்யவேண்டும்.

இரத்தப்போக்கை எவ்வாறு அறிவது? வாந்தியில் செந்நிற இரத்தம் வரலாம். அல்லது காப்பித்தூளைக் கரைத்தாற்போன்று பழுப்பாக வரலாம். மலம் தார்போலக் கறுத்து, பிசுபிசுத்து, கடுநாற்றம் வீசும். குடலில் இரத்தம் செரிமானமாகிச் சிதைவதால் வரும் நிறம் அது. இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தைக் கறுப்பாக்கும். ஆனால் அந்தப் பிசுபிசுப்பும் நாற்றமும் அதில் இரா. இவற்றோடு தலைச்சுற்றல், குளிர்ந்த வியர்வை, விரைந்த நாடி ஆகியன சேர்ந்தால் பெருமளவு இரத்தம் போயிருக்கிறது எனக் கொள்க. அப்பொழுது மோர் கொடுத்துப் பார்ப்பதும், விடியட்டும் என்று காத்திருப்பதும் உயிருக்கே ஆபத்து. வாய்வழி எதுவும் கொடாமல், படுக்கவைத்தே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவேண்டும். வயிறு திடீரெனக் கத்தியால் குத்தினாற்போல் வலித்துப் பலகைபோல் இறுகினால், புண் துளையிட்டிருக்கலாம். அதற்கும் இதே விரைவு வேண்டும்.

மருத்துவமனையில் முதலில் நாளத்தின் வழியே நீர்மம் ஏற்றி நாடியை நிலைப்படுத்துவர். "எங்கள் தந்தைக்கு இரத்தம் ஏற்றவில்லையே" என்று உறவினர் பதறுவதுண்டு. பார்சலோனாவில் 921 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வொன்று 2013 இல் வெளிவந்தது. அதன்படி, ஹீமோகுளோபின் 100 மில்லிலிட்டருக்கு 7 கிராமுக்குக் கீழே இறங்கினால் மட்டும் இரத்தம் பெற்றவர்களே மிகுதியாகப் பிழைத்தனர். இதயநோயாளிக்கும், இரத்தம் பெருக்கெடுத்து ஓடுபவருக்கும் இவ்வரம்பு பொருந்தாது. பின்னர், பொதுவாக 24 மணி நேரத்துக்குள், எண்டோஸ்கோப்பி என்னும் வளையும் குழாயை வாய்வழி செலுத்திப் புண்ணைக் காண்பர். கசியும் நாளத்தில் அட்ரினலின் ஊசியிட்டு, சிறு கவ்வியால் பிடித்தோ வெப்பத்தால் சுட்டோ அடைத்துவிடுவர். பெரும்பாலோருக்கு இன்று வயிற்றைக் கீற வேண்டியதே இல்லை.

இரத்தம் நின்றதும் வேலை முடிந்தது என்று பலர் வீடு திரும்பிவிடுகின்றனர். நுண்ணுயிர் இருப்பது தெரிந்தால், அமிலம் குறைக்கும் மருந்தோடு நுண்ணுயிர்க்கொல்லிகளையும் பெரும்பாலும் 14 நாள்கள் உண்ணவேண்டும். இடையில் விட்டால் எஞ்சியவை மருந்துக்கு அடங்கா. மருந்து முடிந்து நான்கு வாரமாவது சென்றபின் மூச்சுச் சோதனையை மீண்டும் செய்துகொள்ள வேண்டும். அதற்கு இரண்டு வாரம் முன்பே, மருத்துவரிடம் கேட்டு, அமிலம் குறைக்கும் மாத்திரையை நிறுத்தியிருத்தல் அவசியம். இல்லையேல் நுண்ணுயிர் இருந்தும் இல்லையெனச் சோதனை சொல்லிவிடும். புண் இரைப்பையிலேயே இருந்தவர்களுக்குச் சில வாரங்கள் கழித்து எண்டோஸ்கோப்பி மறுபடியும் தேவைப்படலாம். புற்றுநோயும் சிலவேளை புண்ணின் வடிவில் தோன்றுமாதலால், அது முற்றும் ஆறிற்றா என்பதை மருத்துவர் கண்ணால் பார்த்தே தெளிவர்.