லூ கெரிக்கின் இடக்கை

1923-ஆம் வருஷம் ஏப்ரல் 18-ஆம் தேதி, நியூயார்க் நகரத்தின் வடபாகமாகிய பிராங்க்ஸில் யாங்கி கட்சியாரின் யாங்கி ஸ்டேடியம் என்னும் பேஸ்பால் அரங்கம் விமரிசையாகத் திறக்கப்பட்டு, அக்கட்சி வீரர் பேப் ரூத் அங்கே முதல் ஹோம் ரன்னை அடித்துப் பல்லாயிரம் ஜனங்களை ஆரவாரிக்கச் செய்த அதே நாளில், சில மைல் தெற்கே, கொலம்பியா சர்வகலாசாலையின் சவுத் ஃபீல்ட் மைதானத்தில், சொற்ப மாணவர்களே பார்த்திருக்க, பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் இடக்கையால் பந்தெறிந்து, வில்லியம்ஸ் கல்லூரியாரைப் பதினேழு முறை மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேற்றினான். ஆனாலும் ஆட்டத்தில் அவனுடைய கட்சி 5-க்கு 1 என்ற கணக்கில் தோற்றது. அந்தப் பையனின் பெயர் லூ கெரிக்.

கிரிக்கெட்டிலே பழகிய நமக்கு இந்தப் பதினேழின் பெருமையும், அதையும் மீறி வந்த தோல்வியின் காரணமும் சட்டென்று விளங்கமாட்டா. பேஸ்பாலில் ஒரு கட்சிக்கு ஒன்பது இன்னிங்ஸ். ஒவ்வொன்றிலும் மூவர் ஆட்டமிழந்தால் கட்சி மாறும். ஆக, பந்தெறிகிறவனுடைய கட்சி இருபத்தேழு பேரை வெளியேற்றியாக வேண்டும். அவர்களில் பதினேழு பேரை, களத்தில் நிற்கும் தோழர்கள் எவரும் ஓடிப் பந்தெடுக்கத் தேவையின்றி, தன் கை ஒன்றினாலேயே முடிப்பது எவ்வளவு அபூர்வம் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். பந்தை எறிகிறவன் பிட்சர். அடிப்பவனுக்குப் பின்னால் குந்தியிருந்து அதை வாங்குகிறவன் கேட்சர். முறையான எல்லைக்குள் வந்த பந்தை அடியாமல் விட்டாலும், வீசி அடித்துத் தவறினாலும் ஒரு ஸ்ட்ரைக். மூன்று சேர்ந்தால் அடிப்பவன் திரும்பிப் போகவேண்டியதுதான். ஆனால் எல்லைக்குப் புறம்பாக நான்கு பந்துகளை எறிந்துவிட்டாலோ, ஓட்டம் எடுக்கச் சுற்றிவர வேண்டிய தளங்களில் முதலாவதற்கு அடிப்பவன் ஒரு பிரயாசையுமின்றி நடந்தே போய்விடுவான். அப்படி நடந்து போனவர்களும், இடையிலே நன்றாக அடித்துவிட்ட சிலரும் தளங்களைச் சுற்றி வந்து சேர்ந்தால், எஞ்சியவர்களை எத்தனை அழகாக வெளியேற்றியும் பிரயோஜனமில்லை.

பிட்சரின் வித்தையைச் சற்று நிதானித்துப் பார்க்கவேண்டும். அவன் நிற்கும் இடத்துக்கும் அடிப்பவன் நிற்கும் இடத்துக்கும் நடுவே தூரம் அறுபது அடி ஆறு அங்குலம். மணிக்குத் தொண்ணூறு மைல் வேகத்தில் எறியப்படும் பந்து அதைக் கடக்க ஒரு விநாடியில் பத்தில் நான்கு பங்கு காலமே பிடிக்கிறது. அதிலும் மட்டையை வீசவே ஒரு பகுதி போய்விடுவதால், அடிப்பதா விடுவதா என்று தீர்மானிக்க எஞ்சுவது கண்ணிமைக்கும் நேரந்தான். பந்தின் அமைப்பிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நடுவில் தக்கையும் ரப்பரும், அதன்மேல் இறுக்கிச் சுற்றிய கம்பளி நூலும், அதற்கும் மேலே, அந்நாளில் குதிரைத் தோலாகவும் இந்நாளில் மாட்டுத் தோலாகவும் உள்ள வெள்ளை உறையும், அந்த உறையின் இரு துண்டுகளைச் சேர்க்கும் 108 இரட்டைத் தையல்களும் கொண்டது அது. புடைத்து நிற்கும் சிவப்புத் தையல்களில் விரலை ஊன்றிச் சுழற்றி எறியும்போது, அவை காற்றைப் பற்றி ஒரு பக்கமாகத் திருப்பிவிடுகின்றன. பந்தோ அதற்கு எதிர்ப்பக்கம் தள்ளப்படுகிறது. முன்னோக்கிச் சுழலும் பந்து எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரமாகத் தாழ்ந்து விழும். பின்னோக்கிச் சுழல்வது எதிர்பார்த்த அளவுக்குத் தாழாமல் மட்டைக்கு மேலாகப் பறந்துவிடும். பூமியின் ஆகர்ஷணத்தை மாத்திரம் கணக்கிட்டு மட்டையை வீசுகிறவன் ஏமாறுவது நிச்சயம்.

இந்த வித்தையைக் கையிலே வைத்திருந்த பையன் செல்வர் வீட்டில் பிறந்தவன் அல்லன். ஜெர்மனியிலிருந்து குடியேறிய பெற்றோர்க்கு 1903-ஆம் வருஷம் நியூயார்க்கில் பிறந்தவன். உடன்பிறந்தார் மூவரும் குழந்தைப் பருவத்திலேயே இறந்துபோக, பிழைத்திருந்தவன் அவன் ஒருவனே. தகர வேலை செய்த தகப்பனார் நோயினால் அடிக்கடி வேலையின்றி இருந்தார். தாயார் கிறிஸ்டினா கொலம்பியாவின் மாணவர் விடுதி ஒன்றில் சமைத்தும் துணி வெளுத்தும் குடும்பத்தை நடத்திவந்தார். மகன் என்ஜினீயர் ஆகவேண்டும் என்பது அந்த அம்மாளின் மனோரதம். கொலம்பியா அவனுக்கு உபகாரச் சம்பளம் கொடுத்துச் சேர்த்துக்கொண்டது கால்பந்துக்காகவே. அமெரிக்கர் கால்பந்து என்பது நாம் உதைக்கிற பந்தன்று, ஏந்திக்கொண்டு ஓடுகிற முரட்டு ஆட்டம்.

சேர்வதற்கு முன் 1921-ஆம் வருஷக் கோடையில், ஹார்ட்ஃபோர்ட் நகரத் தொழில்முறைக் கட்சியில் புனைபெயரில் கூலிக்கு ஆடினான். அது வெளிப்பட்டதும் கல்லூரிப் பந்தயங்களில் ஒரு வருஷம் கலந்துகொள்ளக் கூடாதென்று தடுக்கப்பட்டான். பணத்துக்கு ஆடியவன் மாணவனாக ஆடத் தகாதவன் என்ற அந்நாளைய நியதி, தாயார் துணி வெளுத்துச் சம்பாதித்த வீட்டுப் பிள்ளைக்குக் கொடியதாகவே எனக்குப் படுகிறது. அமெரிக்கக் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் கொண்டு பொருளீட்டலாம் என்ற அநுமதி 2021-ஆம் வருஷத்தில்தான் வந்தது.

தடை நீங்கிய பின், ஆண்டி கோக்லி என்னும் பழைய பிட்சரிடம் பயிற்சி பெற்று, 1923-ஆம் வருஷத்தில் கெரிக் ஆடிய ஆட்டமே அவனுடைய முழுக் கல்லூரி பேஸ்பால் சரித்திரமும் ஆகும். பிட்சராக ஆறு வெற்றி, நான்கு தோல்வி. மட்டை பிடித்ததிலோ, ஒரே அடியில் தளங்கள் எல்லாவற்றையும் சுற்றிவரச் செய்யும் ஹோம் ரன்கள் ஏழும், ஆயிரத்துக்கு 444 என்ற சராசரியும். அதாவது ஒன்பது வாய்ப்பில் நான்கு முறை தளத்தைப் பிடிக்கும் அடி. பத்தில் மூன்று முறை அடிப்பவனையே கெட்டிக்காரன் என்று கொண்டாடும் ஆட்டத்தில் இது சாமானியமன்று.

கிரிக்கெட் மட்டைக்குத் தட்டையான முகம் உண்டு. பேஸ்பால் மட்டையோ உருளை. அதன் பருமன் இரண்டே முக்கால் அங்குலத்தை மிஞ்சலாகாது என்பது அக்காலத்து விதி. உருண்டையால் உருண்டையை அடிக்கும்போது, மையத்திலிருந்து கால் அங்குலம் விலகினாலும் பந்து உயரக் கிளம்பிக் கைக்குள் விழும், அல்லது தரையிலே உருளும். மட்டையும் பந்தும் தொட்டிருப்பது ஒரு விநாடியில் ஆயிரத்திலொரு பங்கே. இன்றைய கல்லூரிப் பிள்ளைகள் அலுமினிய மட்டையும் பிடிக்கிறார்கள். கெரிக் பிடித்தது மரம்.

யாங்கி நிறுவனத்துக்காக ஆட்டக்காரர்களைத் தேடித் திரிந்த பால் கிரிச்செல் அந்த ஏப்ரல் மாதத்தில் கெரிக்கின் ஆட்டத்தைப் பார்த்து வியந்தது, எறிந்த கையைக் கண்டன்று, வீசிய மட்டையைக் கண்டே. சவுத் ஃபீல்டில் ஏப்ரல் 28-ஆம் தேதி அவன் அடித்த பந்தொன்று நானூற்றைம்பது அடி பறந்து தெருவிலே போய் விழுந்ததாகச் சொல்வார்கள். இரண்டே நாளில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. முன்பணம் 1,500 டாலர். வீட்டில் நோயும் வறுமையும் இருந்ததால் பையன் படிப்பை விட்டான், தாயாரின் என்ஜினீயர் கனவும் அதோடு கலைந்தது.

பின்வந்த கதை பிரசித்தமானது. யாங்கிகளுக்காக முதல் தளத்தைக் காத்து நின்று, 1925 ஜூன் முதல் 1939 ஏப்ரல் வரை ஓர் ஆட்டமும் தவறாமல் 2,130 ஆட்டங்கள் தொடர்ந்து ஆடினார். 493 ஹோம் ரன்கள் அடித்தார். தசைகளை இயக்கும் நரம்புகளைச் சிதைக்கும் கொடிய நோய் தமக்கு வந்திருப்பதைத் தம் முப்பத்தாறாம் பிறந்தநாளன்று அறிந்து, இரண்டே ஆண்டில், 1941 ஜூன் 2-ஆம் தேதி காலமானார். அமெரிக்காவில் அந்நோயை இன்றும் லூ கெரிக் நோய் என்றே அழைக்கிறார்கள். தொடர் ஆட்டச் சாதனையை கால் ரிப்கன் முறியடித்தது 1995-ஆம் வருஷத்தில்.

ஒரே பிற்பகலில் பதினேழு பேரை வெளியேற்றிய அந்த இடக்கையை யாங்கிகள் மட்டை வீசவும் பந்தைத் திருப்பி எறியவும் மாத்திரமே பயன்படுத்திக்கொண்டார்கள். பிரதான லீகில் அவர் ஆடிய 2,164 ஆட்டங்களில் ஒன்றில்கூடப் பிட்சராக நிற்கும்படி அவரை யாரும் அழைக்கவில்லை.