ஆளை மாற்றும் நேரம் எது?

பல ஆண்டுகள் கடையைத் தாங்கிய மூத்த ஊழியரை எப்போது மாற்றுவது என்பது வணிகர்களுக்குச் சங்கடமான கேள்வி. இதே கேள்விக்கு அமெரிக்காவில் ஒரு விளையாட்டு அணி மூன்று முறை விடை தேட நேர்ந்தது. அதன் விவரம் நம் வணிகப் பெருமக்களுக்குப் பயன்படும்.

அமெரிக்கக் கால்பந்து நாம் அறிந்த கால்பந்து அன்று. பந்தைக் கையில் எடுத்து ஓடுவார்கள், எறிவார்கள். பக்கத்துக்கு 11 பேர். அவர்களில் 'குவார்ட்டர்பேக்' என்பவரே நடுநாயகம். பந்து அநேகமாக ஒவ்வொரு முறையும் முதலில் அவர் கைக்குத்தான் வரும். யாருக்கு எறிவது, யாரிடம் கொடுப்பது என்று சில விநாடிகளில் அவர் முடிவு செய்ய வேண்டும். ஆகவே அணி தோற்றால் முதலில் அவர் தலைதான் உருளும்.

2004-இல் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியில் அந்த இடத்தில் இருந்தவர் அனுபவசாலியான கர்ட் வார்னர். 9 ஆட்டங்களில் 5 வெற்றி, 4 தோல்வி என்ற நிலையில் பயிற்சியாளர் டாம் காஃப்லின் அவரை நிறுத்தி, அவ்வாண்டு சேர்ந்த ஈலை மேனிங் என்ற இளைஞரை இறக்கினார். மேனிங் வரிசையாக 6 ஆட்டங்கள் தோற்றார். காஃப்லின் அவரை மாற்றவில்லை. மறு ஆண்டே அணி 11 ஆட்டங்களில் வென்றது. 2008-லும் 2012-லும் சூப்பர் பவுல் பட்டமும் கிடைத்தது. அந்த 6 தோல்விகளும் வட்டியுடன் திரும்பி வந்தன.

2017-இல் அதே மேனிங்குக்கு வயது 36. தொடர்ந்து 210 லீக் ஆட்டங்களில் முதல் ஆளாக இறங்கியவர். அணியோ 11 ஆட்டங்களில் 9 தோற்றிருந்தது. ஆனால் அவர் எறியும் பந்தைப் பிடிக்க வேண்டிய ஓடெல் பெக்கம், பிராண்டன் மார்ஷல் இருவரும் அக்டோபரில் ஒரே ஆட்டத்தில் காயமுற்று அவ்வாண்டு முழுதும் விலகியிருந்தனர். அன்றைய பயிற்சியாளர் பென் மெக்கடூ, ஆட்டத்தைத் தொடங்கிப் பாதியில் விலகினால் தொடர்ச்சி கெடாது என்று மேனிங்கிடம் கூறினார். மேனிங் மறுத்துவிட்டார். அவர் இடத்தில் இறங்கிய ஜீனோ ஸ்மித், வேறோர் அணியில் முதலிடத்தை இழந்து வந்தவர். நாளைக்கென்று சேர்த்த இளைஞர் டேவிஸ் வெப்போ வெளியிலேயே இருந்தார். ஆட்டம் 24-17 என்று தோல்வி. மறுநாள் மெக்கடூ பதவி இழந்தார். மேனிங் திரும்பி வந்தார்.

2019-இல் முதல் இரண்டு ஆட்டங்களும் தோற்றபின், அவ்வாண்டே எதிர்காலத்துக்கென்று தேர்ந்தெடுத்த டேனியல் ஜோன்ஸுக்கு இடம் கொடுக்கப்பட்டது. அவர் முதல் ஆட்டத்தை 32-31 என்று வென்றார். ஆயினும் பின்னாளில் எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை. 2024-இல் அணி அவரை விடுவித்தது. மாற்றும் நேரம் சரியாக இருந்தாலும் புதியவர் தேறுவார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

இவற்றிலிருந்து நாம் கேட்டுக்கொள்ள வேண்டியவை மூன்று:

1. குறை அவரிடமா, சுற்றியுள்ள நிலைமையிலா? சரக்கே வராத கடையில் விற்பனையாளரை மாற்றி என்ன பயன்?

2. வருகிறவர் நாளைக்கும் நமக்கு வேண்டியவரா? இந்த வாரத்தை ஒப்பேற்ற மட்டும் ஆள் மாற்றினால் பழைய அனுபவமும் போகும், புதிய அனுபவமும் சேராது.

3. புதியவர் பழகும்வரை ஏற்படும் நஷ்டத்தைப் பொறுத்துக்கொள்ள நமக்குத் தெம்பு உண்டா?

மூன்றுக்கும் நல்ல விடை கிடைத்தால் தள்ளிப்போட வேண்டாம். மூத்தவரை நேரில் அழைத்து, மரியாதையோடு, உள்ளதை உள்ளபடி சொல்லி மாற்றுங்கள். எப்படி அனுப்புகிறோம் என்பதைக் கடையில் உள்ள மற்றவர்களும் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள்.