மீன் தொட்டியில் ஆக்டோபஸ் வளர்க்கலாமா?

கடல்நீர்த் தொட்டியில் வண்ண மீன்கள் வளர்க்கும் வீடுகளில், பிள்ளைகள் ஆக்டோபஸும் கேட்பதுண்டு. மீன்களோடு அதைச் சேர்த்து விடக்கூடாது. அது வேட்டைப் பிராணி. நண்டு, இறால், மீன் எல்லாமே அதற்கு இரை. பெரிய மீன்களோ அதன் கைகளைக் கடித்துக் குதறும். மீன்களின் நோய்க்கு நாம் ஊற்றும் செம்பு கலந்த மருந்தும் அதைக் கொன்றுவிடும்.

எலும்பில்லாத உடல் என்பதால் சிறு இடுக்கிலும் நுழைந்து வெளியேறும். நியூசிலாந்தின் நேப்பியர் நகரக் காட்சியகத்திலிருந்து இங்கி என்ற ஆக்டோபஸ் வடிகால் குழாய் வழியே கடலுக்குத் தப்பியது 2016-ல் உலகச் செய்தியானது. வீட்டுத் தொட்டியிலிருந்து வெளியேறினால் தரையில் கிடந்து சாகும்.

அதற்குத் தனித் தொட்டியும் இறுக்கமான மூடியும் வேண்டும். ஆயுளோ பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளே. நாம் அடைத்து வைக்கும் உயிருக்கு நாமே பொறுப்பாளிகள். இயலாதவர்கள் வாங்காதிருப்பதே அதற்குச் செய்யும் நன்மை.