வரலாறு புராஜெக்ட்டுன்னா சார்ட் பேப்பர்தானா? திருப்பூர் மாணவர்கள் வீட்டிலிருந்தே தொடங்கலாம்!

"அண்ணா, நாளைக்கு ஹிஸ்டரி புராஜெக்ட். குமரன் படம் ஒண்ணு கலர்ல, அப்புறம் நாலு பக்கம் மேட்டர்." பள்ளிக்கூடம் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர்களுக்கு இந்தக் குரல் பழகிப்போன ஒன்று. பெயருக்கு ஐந்து பேர் கொண்ட குழு. நெட்டில் தேடுவது ஒருவர், சார்ட்டில் ஒட்டுவது அவருடைய அக்கா. மற்ற நான்கு பேரும் கடைசியில் பெயர் எழுதுவதோடு சரி. மார்க் மட்டும் எல்லாருக்கும் ஒன்றுதான்.

தமிழ்நாடு அரசு 2012-13ல் முப்பருவ முறையைக் கொண்டு வந்தபோது, எழுத்துத் தேர்வுக்கு 60, வளரறி மதிப்பீட்டுக்கு 40 என்று மதிப்பெண்ணைப் பிரித்தது. செயல்பாடு மூலம் கற்க வேண்டும் என்பதுதான் அந்த 40க்குப் பின்னால் இருந்த எண்ணம். நடைமுறையில் அதில் பெரும்பங்கு சார்ட் பேப்பருக்குப் போய்விட்டது. மாணவர்களைச் சோம்பேறிகள் என்று திட்டிப் பயனில்லை. கூகுளில் ஒரே நிமிடத்தில் பதில் கிடைக்கிற கேள்வியைக் கொடுத்தால், ஒரே நிமிடத்தில்தான் முடிப்பார்கள்.

குழுவாகத்தான் செய்ய முடியும் என்ற கேள்வி எது?

'திருப்பூர் குமரன் பற்றி எழுதுக' என்பது தனியாள் வேலை. 1904ல் சென்னிமலையில் பிறந்தார், 1932 ஜனவரி 10ல் ஊர்வலத்தில் தடியடிக்கு ஆளானார், மறுநாள் உயிரிழந்தார் என்று எல்லாமே ஒரே இடத்தில் கிடைத்துவிடும். பகிர்ந்துகொள்ள அதில் எதுவும் இல்லை.

இதற்குப் பதிலாக, திருப்பூரை ஒட்டிய முதலிபாளையத்தை எடுத்துக்கொள்வோம். சிட்கோ தொழிற்பேட்டை, பின்னலாடைக் கல்லூரி, சுற்றிலும் பனியன் கம்பெனிகள் என்று இருக்கும் ஊர். இங்கே ஒரு ஒன்பதாம் வகுப்பில் கேட்க வேண்டிய கேள்வி இது: "உங்க வீட்டுல முதல்முதலா கம்பெனி வேலைக்குப் போனது யாரு? எந்த வருஷம்? ஏன்?"

இதற்கு இணையத்தில் பதில் கிடையாது. ஒவ்வொரு மாணவரிடமும் மற்றவரிடம் இல்லாத ஒரு துண்டு இருக்கும். ஒருவரின் தாத்தா கிணறு வற்றியதும் தோட்டத்தை விட்டு வந்திருப்பார். இன்னொருவரின் அம்மா மதுரைப் பக்கமிருந்து கல்யாணமாகி வந்து செக்கிங்கில் சேர்ந்திருப்பார். பக்கத்து பெஞ்சில் இருப்பவரின் அப்பா ஒடிசாவிலிருந்து ரயிலேறி வந்திருப்பார். 'ஊர் வரலாறு' என்றால் ஒதுங்கிவிடக்கூடிய அந்த ஒடிசாக் குழந்தைக்கும் இங்கே சமமான இடம் உண்டு. யாருமே இல்லாமல் குழு நகராது என்பதால், சும்மா பெயர் எழுதும் வழக்கம் தானாகவே அடிபட்டுப் போகும்.

கம்பெனிப் பக்கமே போகாத வீடுகளும் இருக்கும். அவர்கள் மெஸ் நடத்தியிருக்கலாம், லைன் வீடு வாடகைக்கு விட்டிருக்கலாம். அதுவும் பனியன் வரலாறுதான்.

தாத்தா சொல்றது ஒண்ணு, புத்தகம் சொல்றது ஒண்ணு. அப்ப?

இந்த இடத்தில்தான் வரலாற்றுப் பாடமே தொடங்குகிறது. 1984ல் பஞ்சப்படி கேட்டு பனியன் தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தம் 127 நாட்கள் நீடித்தது. திருப்பூரைப் பற்றி விரிவாக ஆராய்ந்து 'ஃப்ரேட்டர்னல் கேப்பிடல்' என்ற நூலை 2004ல் எழுதிய ஷரத் சாரி, இந்த ஊரின் வரலாற்றில் அதை ஒரு முக்கியத் திருப்பமாகப் பார்க்கிறார்.

ஒரு தாத்தா, "ஸ்ட்ரைக்கு ஆறு மாசம் நடந்துச்சு கண்ணு" என்று சொல்லலாம். நாள் கணக்கைப் பார்த்தால் நான்கு மாதம் சொச்சம்தான். உடனே 'தாத்தா தப்பு' என்று அடித்துவிட வேண்டாம். சனிக்கிழமைச் சம்பளம் வராத வீட்டில் அந்த நாட்கள் ஏன் அவ்வளவு நீளமாகத் தெரிந்தன, கடன் கொடுத்தது யார், எதை விற்றார்கள் என்று கேட்டால் எந்தப் பாடநூலிலும் இல்லாத விவரம் வரும். அதே வேலைநிறுத்தத்தைப் பற்றி, அப்போது நாலு மெஷின் வைத்திருந்த சிறு முதலாளி வேறு கதை சொல்வார். இரண்டையும் கேட்டு வந்த இரண்டு மாணவர்கள் ஒரே மேஜையில் உட்கார்ந்து வாதாட வேண்டும். மூன்றாமவர் நூலகத்தில் பழைய செய்தித்தாளைத் தேடலாம். நான்காமவர் இஎஸ்ஐ அட்டை, பிஎஃப் சீட்டு, சங்க நோட்டீஸ் என்று வீட்டு டிரங்குப் பெட்டியில் கிடக்கும் காகிதங்களைப் பார்க்கலாம். அட்டையில் இருக்கும் தேதி, நினைவில் இருக்கும் தேதியைத் திருத்தும்.

எப்போது, எப்படிக் கேட்பது?

ஆறு வாரம் ஒதுக்கினால் போதும். தீபாவளிக்கு முந்தைய வாரங்களைத் தவிர்ப்பது நல்லது. போனஸ், அவசர ஆர்டர் என்று கம்பெனிகள் பரபரப்பாக இருக்கும் நேரம் அது. ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு வரும் அப்பாவிடம் ராத்திரி பத்து மணிக்குப் பேட்டி எடுக்க முடியாது. ஞாயிறு காலைதான் சரியான நேரம்.

"அப்ப வாழ்க்கை எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் "கஷ்டந்தான்" என்ற ஒரு வார்த்தையோடு முடிந்துவிடும். "மொதல் வாரச் சம்பளம் எவ்வளவு? அதுல என்ன வாங்குனீங்க?" என்று கேட்க வேண்டும்.

கவனமாகத் தொட வேண்டிய இடம்

"எந்த வயசுல வேலைக்குப் போனீங்க?" என்ற கேள்விக்கு சில வீடுகளில் "பதினொண்ணு" என்று பதில் வரலாம். பள்ளியை விட்டுவிட்டுக் கைமடிக்கப் போன பிள்ளைகள் இந்த ஊரில் நிறையப் பேர். அப்பா தன் மகனிடமே இதுவரை சொல்லாத கதையாகக்கூட அது இருக்கலாம். அதை வகுப்பில் படிக்கலாமா என்பதைச் சொன்னவரே தீர்மானிக்க வேண்டும். கம்பெனிப் பெயரும் ஆள் பெயரும் எழுத வேண்டாம். வேலை, வருடம், காரணம் போதும்.

உள்ளூர் வரலாறு எல்லாருக்கும் இனிக்காது. ஜெர்மனியில் 1973 முதல் பள்ளி மாணவர்களுக்கு ஒரு வரலாற்றுப் போட்டி நடக்கிறது. அதற்காக 1980ல் பாசாவ் நகரத்து மாணவி அன்னா ரோஸ்முஸ், நாஜி காலத்தில் தன் ஊர் எப்படி இருந்தது என்று தேடத் தொடங்கினார். ஆவணங்கள் மறுக்கப்பட்டன, ஊரிலேயே எதிர்ப்பு கிளம்பியது. அவர் விடவில்லை, தேடியதைப் புத்தகமாகவே கொண்டுவந்தார். முதலிபாளையத்தில் அந்த அளவுக்குப் போகாது. ஆனாலும் நொய்யலையும் சாயக்கழிவையும் பற்றிக் கேட்டால் சில முகங்கள் மாறும். சென்னை உயர் நீதிமன்றத்தின் 2011 ஜனவரி உத்தரவால் சுமார் 700 சாயப்பட்டறைகள் மூடப்பட்டதை ஒரத்துப்பாளையம் அணைப்பக்க விவசாயி ஒரு மாதிரி சொல்வார், அன்று வேலை இழந்தவர் இன்னொரு மாதிரி சொல்வார். ஆசிரியர் தலைமையாசிரியரிடமும் பெற்றோரிடமும் முன்கூட்டியே பேசி வைத்துவிட்டால் பாதிச் சிக்கல் தீரும்.

சார்ட் இல்லைன்னா என்ன செய்வது?

திருப்பூரில் தட்டுப்பாடே இல்லாத பொருள் கட்டிங் வேஸ்ட் துணி. வகுப்பறையின் ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்குக் கயிறு கட்டலாம். பனியனில் தொங்குமே, அதே அளவு டேக் அட்டைகள். ஒரு டேக்கில் ஒரு வீட்டின் கதை. பின்பக்கம் 'யார் சொன்னது, எந்தக் காகிதம் பார்த்தோம்' என்று எழுத வேண்டும். பின்பக்கம் காலியாக இருக்கும் டேக்குக்கு மார்க் கிடையாது. அறிந்த பெரிய நிகழ்வுகள் வேறு நிறத்துணியில் இடையிடையே வரும்: 1932, 1984, 2011, 2020 ஊரடங்கு, 2025 ஆகஸ்ட்டில் அமெரிக்கா விதித்த 50 சதவீத வரி. கயிற்றின் தொடக்கத்தில் நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் கிடைத்த தக்களி வட்டத்தின் படத்தை மாட்டினால், இந்தப் பகுதியில் நூல் நூற்பது எவ்வளவு பழைய வேலை என்பதும் தெரியும்.

மார்க்கைப் பாதியாகப் பிரித்துவிடலாம். ஒவ்வொருவரும் கொண்டுவந்த டேக்குக்குத் தனி மார்க். முரண்பட்ட தகவல்களைக் குழு எப்படித் தீர்த்தது என்று எழுதும் ஒரு பக்கத்துக்குப் பொது மார்க். தீர்க்க முடியாமல் போனால் 'இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள், காரணம் இதுவாக இருக்கலாம்' என்று எழுதினாலும் முழு மார்க் உண்டு.

கண்காட்சியையும் ஞாயிற்றுக்கிழமையே வைக்க வேண்டும். வேலை நாளில் வைத்தால், கதை சொன்னவர்கள் யாருமே வர முடியாது.